தாத்தாவின் பாஸ்போர்ட்டைத் தேடுங்கள்

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். நான் 2001-இல் சேலம் மாவட்டத்தில் உள்ள ஓர் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தேன். பி.காம். முடித்துவிட்டு, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். வங்கித் தேர்வு எழுத ஆசை. விண்ணப்பத்தில் குடியுரிமை கேட்கும் இடம் வந்ததும் கை நின்றுவிடுகிறது.

எங்கள் பூர்வீகம் நாமக்கல் பக்கம். நாலைந்து தலைமுறைக்கு முன்னால் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். 77 கலவரத்தில் தாத்தா குடும்பம் வவுனியாவுக்கு ஓடியது. 90-இல் சண்டை மூண்டதும் அங்கிருந்தும் கிளம்பி, மன்னாரிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்தார்கள். அப்பாவுக்கு அப்போது 17 வயது. அம்மாவும் அகதிதான். ஆனால் அப்பாவின் அக்கா 1980-லேயே இந்தியா பாஸ்போர்ட்டில் கப்பலேறி வந்து கோத்தகிரியில் இருக்கிறார். அத்தை வீட்டில் எல்லோருக்கும் ஓட்டு இருக்கிறது, ஒரு மகள் அரசுப் பள்ளியில் டீச்சர். தாத்தாவுக்கும் இந்தியா பாஸ்போர்ட் வந்ததாம், கப்பல் நின்றுபோனதால் ஏற முடியவில்லையாம் என்று பாட்டி சொல்வார்.

இப்போது சேலத்துக்காரர் ஒருவருடன் எனக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. அவரைக் கட்டிக்கொண்டால் குடியுரிமை கிடைக்குமா? அண்ணன், இலங்கை பாஸ்போர்ட் எடுத்து வெளிநாடு போய்விடலாம் என்கிறான். அப்பா எல்லாம் தலையெழுத்து என்கிறார். ஒரே தாத்தாவின் பேத்திகளில் ஒருத்தி டீச்சர், ஒருத்தி அகதி. இது ஏன்? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

பாட்டி சொன்னதாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் உங்கள் வழக்கின் உயிர் அந்த வரியில்தான் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன்னால் உங்கள் அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். தலையெழுத்து என்று நம்பிவிட்டவர்கள் பழைய கடுதாசியைத் தேட மாட்டார்கள்.

உங்கள் குடும்பத்துக்கு நடந்தது எல்லாவற்றுக்கும் தேதி இருக்கிறது, முடிவெடுத்த ஆட்கள் இருக்கிறார்கள். நாமக்கல்லில் இருந்தே தொடங்கலாம். அன்றைய சேலம் ஜில்லாவுக்குள்தான் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் இருந்தன. 1820-களில் இங்கே கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டு மலையில் காபியைக் கொண்டுவந்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் கண்டி மலைகளில் வெள்ளைக்காரத் துரைகள் இதைவிடப் பல மடங்கு பெரிய அளவில் காபி போட்டார்கள். காபி நோயில் அழிந்ததும் தேயிலை போட்டார்கள். அதற்கு ஆள் வேண்டும். சேலம், திருச்சி, மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை ஊர்களில் நிலமில்லாத பண்ணையாட்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர். 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவைக் கடுமையாகத் தாக்கியபோது, ஊரில் இருந்து சாவதா, ஆள் பிடிக்க வரும் கங்காணி பின்னால் போவதா என்பதுதான் பலருக்கும் முன்னால் இருந்த கேள்வி.

கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போவார். அந்தப் பணம் போய்ச் சேருவதற்குள் கடனாகிவிடும். கடன் தீர்ந்தது என்று துரை ஒரு துண்டு எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியும். 1921-இல் சட்டம் போட்டு ஒழிக்கும்வரை இந்தத் துண்டு முறை நடந்தது. ஊரில் மிராசுதாரிடம் கட்டுப்பட்டிருந்தவர்கள் மலையில் துரைக்கும் கங்காணிக்கும் கட்டுப்பட்டார்கள். லயம் என்ற வரிசை வீட்டின் காம்பராவும், காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக் களமும் உங்கள் பாட்டிக்கு நன்றாகத் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் 1948. இலங்கை பிப்ரவரியில் சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு வந்த 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அப்பா இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது தாத்தாவும் கொள்ளுத் தாத்தாவும் பிறந்ததற்கு ஆதாரம் கொண்டுவா என்றது சட்டம். பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயங்களில் அதற்கு எங்கே போவது? அதற்கு முந்தைய 1947 தேர்தலில் மலையகம் எனப்படும் மலைத் தோட்டப் பகுதியின் தொழிலாளர்கள் தங்கள் ஓட்டால் இலங்கை இந்தியர் காங்கிரஸிலிருந்து 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். இடதுசாரிகளுக்கும் அந்த ஓட்டு பலமாக இருந்தது. அந்த ஓட்டைப் பறிப்பதுதான் நோக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. வடக்கின் தமிழ்த் தலைவர்களில் ஒரு பிரிவினர் அப்போது அரசோடு இருந்தார்கள். அதை ஏற்காமல் பிரிந்தவர்கள்தான் 1949-இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். தமிழன் என்பதால் மட்டும் ஒருவர் உங்கள் பக்கம் நிற்பார் என்று அன்றும் சொல்லிவிட முடியவில்லை.

அதன் பிறகு வந்ததுதான் உங்களையும் உங்கள் அத்தை மகளையும் பிரித்த ஒப்பந்தம். 1964 அக்டோபர் 30 அன்று பிரதமர்கள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டார்கள். கணக்கில் வந்தவர்கள் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். நேரு காலம் முழுவதும் இந்தியா இப்படிப் பங்கு போட ஒப்புக்கொள்ளவில்லை. 1962-இல் சீனாவோடு நடந்த போருக்குப் பிறகு அண்டை நாடுகளின் நட்பு தில்லிக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. இமயமலையில் நடந்த ஒரு போரின் விலையில் ஒரு பங்கை அட்டன் லயங்களில் இருந்தவர்கள் கட்டினார்கள் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அந்த மக்களிடமோ அவர்களின் தொழிற்சங்கங்களிடமோ யாரும் சம்மதம் கேட்கவில்லை. இந்தியாவுக்கு என்று ஒதுக்கிய எண்ணிக்கை அளவுக்கு ஆட்கள் விண்ணப்பிக்கவில்லை, இலங்கையைக் கேட்டவர்கள்தான் அதிகம். பிறந்த இடத்தில் இருக்கத்தானே மனிதர்கள் விரும்புவார்கள்.

விண்ணப்பம் போட்டவர்களின் பாஸ்போர்ட் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு வந்து தம்பிக்கு வராமல் இருந்தது. மகள் புருஷன் வீட்டாரோடு போய்விட, பெற்றோர் காத்திருந்தார்கள். உங்கள் அத்தை 1980-இல் கப்பலேறி வந்து மண்டபம் முகாமில் பதிந்தபோது தாயகம் திரும்பியவர் என்ற கணக்கில் வந்தார். அப்படி வந்தவர்களுக்குக் குடும்ப அட்டை, கடன், சிலருக்கு நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டத்தில் வேலை என்று ஏதோ ஒரு பிடி கிடைத்தது. அந்த வாழ்க்கையும் சுகமாக இருக்கவில்லை. ஆனாலும் அவர்கள் குடிமக்கள்.

உங்கள் தாத்தா காத்திருந்தவர். அந்தக் காத்திருப்புக்கு நடுவில் 1977 கலவரம் வந்தது. மலையகத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஓடின. அங்கேயும் பெரும்பாலோர் அடுத்தவர் காணியில் கூலிக்கு உழைத்தார்கள். பலர் குடியேறிய இடம் எல்லைக் கிராமங்கள் என்பதால் போர் தொடங்கியதும் முதல் அடி அவர்கள் மேல் விழுந்தது. 1984-இல் தலைமன்னார் – ராமேஸ்வரம் கப்பல் நின்றது. கையில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு பலர் அந்தக் கரையிலேயே நின்றுபோனார்கள். 1990 ஜூனில் மறுபடி போர் மூண்டபோது உயிர் பிழைக்கப் படகேறி வந்தவர்களை இந்தியா அகதி என்று எழுதிக்கொண்டது. முன்பு கூலியாட்களைத் தோட்டத்துக்கு அனுப்புவதற்காக இலங்கை அரசு நடத்திய மண்டபம் முகாமில்தான் உங்கள் அத்தையையும் பதிந்தார்கள், உங்கள் அப்பா போன்றவர்களையும் பதிந்தார்கள். பதிந்த ஏடு மட்டும் வேறு. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாம்கள் மேல் கண்காணிப்பு இறுகியது. துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத மலையகக் குடும்பங்களும் கியூ பிரிவு உளவுப் போலீசுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

சரி, இப்போது சட்டம்.

இந்திய மண்ணில் பிறந்தாலே குடிமகன் என்ற நிலை 1987 ஜூலை 1-க்கு முன்னால் பிறந்தவர்களுக்குத்தான். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, இந்த விதியைக் காட்டித்தான் 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பாஸ்போர்ட் வழங்கச் சொன்னது. அவர் 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். உங்கள் முகாமில் அந்தத் தேதிக்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்கள். அவர்கள் யாரிடமும் குடியுரிமை கெஞ்ச வேண்டியதில்லை, பிறப்பிலேயே குடிமக்கள்.

நீங்கள் 2001-இல் பிறந்தவர். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன் வரை பிறந்தவர்களுக்குச் சட்டம் வேறு: பிறந்த நாளில் தாய் தந்தையரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்திருந்தால் போதும். இங்கேதான் பாட்டியின் வரி வருகிறது. ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்தவர்கள் சும்மா பயணச் சீட்டு வாங்கியவர்கள் அல்ல. இந்தியக் குடிமக்களாகப் பதிவு செய்யப்பட்டு, அதன் பேரில் பாஸ்போர்ட் பெற்றவர்கள். சின்னப் பிள்ளைகளை அப்பாவின் பாஸ்போர்ட்டிலேயே சேர்த்து எழுதும் வழக்கம் அப்போது இருந்தது. தாத்தாவுக்குப் பாஸ்போர்ட் வந்தபோது உங்கள் அப்பா சிறுவன். அவர் பெயரும் அதில் ஏறியிருந்தால், படகில் வந்து இறங்கிய அந்தப் பதினேழு வயதுப் பையன் இந்தியக் குடிமகன். அவருக்கு 2001-இல் பிறந்த நீங்களும் இந்தியக் குடிமகள். அகதி என்று எழுதிக்கொண்டதாலோ பாஸ்போர்ட் காலாவதியானதாலோ குடியுரிமை அழியாது. தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் போய்விடும்.

ஆகவே முதல் வேலை தேடுவது. வவுனியா வீட்டோடு பாஸ்போர்ட் போயிருக்கலாம், ஆனால் ஒரு பாஸ்போர்ட் தனியாக உருவாவதில்லை. கண்டியில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம்தான் இந்த வேலையைச் செய்தது, எண்ணும் தேதியும் அங்கே பதிவாகியிருக்கும். அத்தையின் குடும்ப அட்டை, பாஸ்போர்ட், மண்டபத்தில் கொடுத்த கடுதாசிகள் எல்லாவற்றையும் முதலில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாட்டியிடம் தோட்டத்தின் பெயர், டிவிஷன், கங்காணியின் பெயர், பேர் பதிந்த வருஷம், செக்ரோல் என்ற தோட்டத்துப் பேர் ஏட்டில் தாத்தாவின் பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தது என்பதையெல்லாம் கேட்டு எழுதி வையுங்கள். முடிந்தால் அவர் பேசுவதைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கக் குடிமக்களுக்குத்தான் உரிமை என்பதால், வெளியுறவு அமைச்சகத்துக்கு மனுவை அத்தை பெயரில் போடுங்கள். தன் தகப்பனின் பதிவைத்தானே அவர் கேட்கிறார்.

அப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தியாவுக்கு வந்த பிறகு இலங்கைக் குடியுரிமைக்காக எதிலாவது கையெழுத்துப் போட்டாரா? இலங்கை 2003-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து மலையக மக்களில் நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகம் வழியாக முகாம் பிள்ளைகளின் பிறப்பைப் பதிந்து இலங்கைக் குடியுரிமைச் சான்றிதழும் வாங்கித் தருகிறார்கள். திரும்பிப் போக விரும்பும் குடும்பங்களுக்கு அது மிக அவசியமான வேலை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் இந்தியக் குடிமகள் என்று வாதாடப் போகிறவர். அண்ணன் இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னால், தாத்தாவின் கடுதாசி உண்டா இல்லையா என்று தெரிய வேண்டும். அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள்.

கடுதாசி கிடைக்கவே இல்லை என்றால்? அப்போதும் கதவு அடைந்துவிடாது, ஆனால் பாதை கடினம். நாமக்கல் பூர்வீகம் என்பது மட்டும் போதாது. இன்றைய சட்டத்தில் ஒருவர் இந்திய வம்சாவளி ஆக, அவரோ அவருடைய தாய் தந்தையரில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். கொள்ளுத் தாத்தாவை அது பார்ப்பதில்லை. மீதி இருப்பது நீண்ட காலம் வசித்ததை வைத்து இயல்புரிமையாகக் குடியுரிமை கேட்பது. ஆண்டுக் கணக்கில் நீங்கள் தாராளமாகத் தேறுவீர்கள். தடையாக வருவது, 'சட்டவிரோதக் குடியேறி' விண்ணப்பிக்கக் கூடாது என்ற வாசகம். செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர் என்பது அதன் விளக்கம். நீங்கள் எப்போது நுழைந்தீர்கள்? நீங்கள் இங்கே பிறந்தவர். இந்த வாதத்தை விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும், கோர்ட்டிலும் எடுத்து வைக்க வேண்டும். ஜெயிக்கும் என்று நான் வாக்குத் தர முடியாது. ஆனால் மலையக வம்சாவளியினரை மற்ற அகதிகளோடு ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்ற திசையில் மதுரைக் கிளை 2019-லேயே பேசியிருக்கிறது. விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

அதே 2019-இல் நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த சிலருக்கு வழி திறந்தது. இலங்கையைச் சேர்க்கவில்லை. அது அநீதி என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன். 2025-இல் வந்த புதிய வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ், 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். நல்லதுதான். அதைக் காட்டி 'இனி எல்லோரும் இந்தியர்' என்று யாராவது முகாமுக்குள் சொன்னால் நம்பாதீர்கள். அது ஜெயிலுக்கு அனுப்பாமல் காக்கும், அதற்கு மேல் இல்லை.

கல்யாணம். இந்தியரைக் கட்டிக்கொண்டவர், விண்ணப்பிப்பதற்கு முன் இங்கே ஏழு வருஷம் வசித்திருந்தால் குடிமகளாகப் பதியக் கேட்கலாம், ஆனால் அங்கேயும் அதே 'சட்டவிரோதக் குடியேறி' வாசகம் குறுக்கே நிற்கிறது. அவரைப் பிடித்திருந்தால் கட்டிக்கொள்ளுங்கள், கல்யாணத்தை முறையாகப் பதிவு செய்யுங்கள். குடியுரிமைக்காக என்று மட்டும் கழுத்தை நீட்டாதீர்கள். மாப்பிள்ளை வீட்டார் கையில் உங்கள் கடுதாசியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நிலை ஒரு பெண்ணுக்கு எவ்வளவு ஆபத்து என்பதை வழக்குகளில் தினமும் பார்க்கிறேன். இன்னொன்றையும் அவரிடம் இப்போதே பேசிவிடுங்கள்: 2004 டிசம்பர் 3 முதல் பிறக்கும் குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருந்தால்தான் பிறப்புக் குடியுரிமை. நாளைக்கு உங்கள் பிள்ளையின் நிலையும் உங்கள் நிலையைத் தொட்டே இருக்கும். அதனால்தான் உங்கள் வழக்கைக் கல்யாணத்துக்கு முன்போ பின்போ தள்ளிப் போடாமல் தனியாகவே நடத்தச் சொல்கிறேன்.

வங்கித் தேர்வு அறிவிப்பை முழுக்கப் படித்தீர்களா? தகுதிப் பகுதியில், இந்தியாவில் நிலையாகக் குடியேறும் எண்ணத்தோடு இலங்கையிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரும் விண்ணப்பிக்கலாம், அவர்களுக்கு மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். உங்கள் அப்பா போன்றவர்களை மனதில் வைத்து எழுதிய வரி அது. அந்தச் சான்றிதழை வாங்குவது லேசல்ல, அதை மட்டும் நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள். ஆனால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து உங்கள் மனுவோடு இணையுங்கள். இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது என்று அரசே ஒப்புக்கொண்ட ஆவணம் அது.

வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் எல்லாம் எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்டு வரும் ஏஜென்ட்டைக் கிட்டே சேர்க்காதீர்கள். ஆதார் வசிப்பவருக்கு உரியது, அதை நேர்மையாகவே வைத்துக்கொள்ளலாம். பொய்ச் சொல்லி வாங்கிய வாக்காளர் அட்டை ஒரு கிரிமினல் வழக்கு. அது ஒன்று போதும், மேலே சொன்ன எல்லா வாதத்தையும் கெடுத்துவிடும். கடல் வழியாக ஆஸ்திரேலியா அனுப்புகிறேன் என்பவர்கள் பேச்சை அண்ணனும் கேட்க வேண்டாம்.

செலவை நினைத்துத் தயங்காதீர்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வெள்ளைத் தாளில் மனு கொடுத்தாலே போதும். குடியுரிமை விண்ணப்பம் கலெக்டர் அலுவலகம் வழியாகப் போகும். பதிலே வராவிட்டால் ரிட் மனு போட வேண்டியது சென்னையில், சேலம் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வராது. போகும்போது உங்கள் பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், முகாம் குடும்ப அட்டை, அப்பாவை முதன்முதலில் பதிந்த சீட்டு, அத்தை அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துப் போங்கள். பெயர் எழுத்து ஒவ்வொன்றிலும் மாறி இருந்தால் நீங்களாகத் திருத்த வேண்டாம், அப்படியே கொண்டுபோங்கள். பாட்டிக்கு வயதாகிறது. அவர் சொல்வதை நோட்டரி முன் பிரமாண வாக்குமூலமாக இந்த மாதமே எழுதி வாங்கிவிடுங்கள்.